வண்டியை ஏற்றிப் பார்த்து வாங்காதீர்கள், இறக்கிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, வயது 62. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டம், ஊடே மிளகு. வாரத்துக்கு இரண்டு தடவை நானே கார் ஓட்டிக்கொண்டு போய்வருகிறேன். 2013 மாடல் சின்ன பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். கொஞ்ச நாளாக இடது முழங்கால் வலி. பெங்களூரில் இருக்கும் மகன் ஆட்டோமேட்டிக் வாங்கித் தருகிறேன் என்கிறான், அதுவும் இருப்பதிலேயே பெரிய வேரியன்ட். போன மாதம் அவன் காரை மலையில் ஓட்டிப் பார்த்தேன். இறங்கும்போது எதிரே பஸ் ஏறி வருகிறதே என்று ஓரம் ஒதுங்கினால் ஸ்டியரிங் தானாக என் கையை இழுக்கிறது. சிக்னலில் நின்றால் என்ஜின் அணைந்துபோகிறது. ஏசியைக் குறைக்க ஸ்கிரீனில் மூன்று இடம் தொட வேண்டும். பக்கத்து சீட்டில் மிளகுப் பையை வைத்தால் பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது. இந்தத் தொல்லைகள் இல்லாத ஆட்டோமேட்டிக் உண்டா? வாங்கியபின் கழற்றிப் போடலாமா? மலைக்கு மேனுவல்தான் சரி என்று என் தம்பி அடித்துச் சொல்கிறார். எங்கள் தோட்டத்து டிரைவர் வேறு, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறார். அதையும் கேட்டுவிடுகிறேன்.

பதில்: டீச்சர், வணக்கம். நீங்கள் கேட்டதற்கு வருவதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் வண்டியில் கிளட்ச் செட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

வாரத்துக்கு இரண்டு தடவை என்றால் வருடத்துக்கு நூறு தடவை ஏறுகிறீர்கள், நூறு தடவை இறங்குகிறீர்கள். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. ஆக வருடத்துக்கு 4,000 வளைவு. வளைவுக்கு இரண்டு தடவை கிளட்ச் மிதித்தாலும் 8,000 மிதி. டவுனுக்குள் மிதிப்பது தனிக் கணக்கு. பிளேட் தேயத் தேய பெடல் கனக்கும், பிடிக்கிற இடமும் மேலே மேலே ஏறிவரும். கேபிள் கிளட்ச் என்றால் கேபிள் உள்ளே காய்ந்துபோயும் கனக்கும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. மாதத்துக்கு ஒரு துளி கூடுவதால் தினமும் ஓட்டுகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. தனக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தவர்களில் பலருக்கு, வயசானது கிளட்சுக்குத்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். உங்கள் மாடலிலேயே அதிகம் ஓடாத வண்டி ஒன்று தெருவில் யாரிடமாவது இருக்கும். அதில் உட்கார்ந்து கிளட்சை நான்கு தடவை மிதித்துவிட்டு, உடனே வந்து உங்கள் வண்டியில் மிதியுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தால் முதலில் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், கேபிளையும் விடாதீர்கள். புதுக் கார் விலையில் இது ஒரு மூலைக்குக் காணாது. மாற்றிய பின்னும் கால் வலித்தால் அது டாக்டர் பார்க்க வேண்டிய வலி, அப்போது ஆட்டோமேட்டிக் பற்றிப் பேசலாம். அவர் ‘கிளட்ச் வேண்டாம்’ என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் இந்தப் பத்தியையே மறந்துவிடுங்கள்.

சரி, உங்கள் தம்பி சொன்னதற்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். ஆட்டோமேட்டிக் நேற்று வந்த சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலிலேயே கிளட்ச் பெடல் இல்லாமல் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் விற்றார்கள். நம் ஊருக்கு அது வெகுகாலம் பணக்கார வண்டியாக மட்டும்தான் வந்தது. சாதாரணக் குடும்பம் வாங்கும் விலைக்கு இறங்கியது 2014-ல், மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. என்ற மலிவான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்டபோதுதான். அதற்குப் பிறகுதான் நம் மலை ரோட்டில் இத்தனை ஆட்டோமேட்டிக் ஏறுகிறது. அதனால் இன்றைக்கு ‘மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா’ என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எந்த ஆட்டோமேட்டிக், அதை எந்தக் கியரில் வைத்து இறக்குகிறீர்கள் என்று கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

இறக்குகிறீர்கள் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். எல்லாரும் வண்டி வாங்கும்போது ‘மலை ஏறுமா’ என்று கேட்கிறார்கள். இன்றைக்கு விற்கிற எந்தக் காரும் ஏற்காடு ஏறும். என் பட்டறைக்கு வரும் கோளாறில் ஏறும்போது வருவது முக்கால்வாசி செலவோடு போய்விடும். இறங்கும்போது வருவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது.

கணக்கு டீச்சரிடம் கணக்கிலேயே சொல்கிறேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் சுமார் 280. வித்தியாசம் 1,200 மீட்டர் என்று வையுங்கள். காரும் ஆளும் மிளகு மூட்டையும் சேர்ந்து 1,200 கிலோ. எடை, உயரம், 9.8 மூன்றையும் பெருக்கினால் ஒரு கோடியே நாற்பது லட்சம் ஜூல் வருகிறது. வீட்டு மீட்டர் பாஷையில் கிட்டத்தட்ட 4 யூனிட் கரண்ட். அந்தச் சூட்டில் நாற்பது லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கிற நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். மேலேயிருந்து கீழே வருவதற்குள் இவ்வளவையும் வண்டி எங்கேயாவது கரைத்தாக வேண்டும். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதி என்ஜினில் போக வேண்டும், இல்லாவிட்டால் பிரேக்கில் போகும். வேறு வழி கிடையாது.

சின்னக் காரில் முன்னால் இரண்டு டிஸ்க், பின்னால் பெரும்பாலும் டிரம். அந்த நாற்பது லிட்டர் சூட்டை இந்த நான்கு இரும்புத் துண்டுகளில் ஏற்றினால் என்ன ஆகும்? முதலில் பேட் வாசனை வரும். அப்புறம் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இன்னும் சூடு ஏறினால் பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் ஜாதி. தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 வரைக்கும் இறங்கலாம் என்று தரக்குறியீடே சொல்கிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும், பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். ஏற்காட்டின் மழையும் பனியும் தெரிந்த உங்களுக்கு ஈரம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் பாதியில் மடித்து வைத்தாலும் இந்த ஒரு வரியைச் செய்துவிடுங்கள்.

‘ஏறின கியரில் இறங்கு’ என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இந்தச் சூட்டை என்ஜின் பக்கம் திருப்பத்தான். மேனுவலில் செகண்டில் போட்டால் வண்டி அப்படியே பிடித்துக்கொண்டு வரும், நீங்கள் வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டால் போதும். மேனுவலுக்கு மலையில் இருக்கும் பெருமையே இதுதான். கேள்வி என்னவென்றால், ஆட்டோமேட்டிக் இதைச் செய்யுமா? செய்யும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக.

ஏ.எம்.டி.யில் இருப்பது உங்கள் வண்டியில் இருக்கிற அதே கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். மிதிக்கிற காலுக்கும் தள்ளுகிற கைக்கும் பதிலாக ஒரு மோட்டாரும் வால்வும் இருக்கும். மேனுவலைவிட விலை சுமார் அரை லட்சம்தான் கூடுதல், மைலேஜும் கிட்டத்தட்ட அதே. அதனால் நிறையப் பேர் இதைத்தான் எடுக்கிறார்கள். கெடுவதும் பெரும்பாலும் ஓட்டத் தெரியாததால்தான். கோடை விழா சமயத்தில் மலை ரோட்டில் வண்டிகள் வரிசை கட்டி நிற்குமே, அப்போது பாருங்கள். முன்னால் உள்ள வண்டி ஓரடி நகர்கிறது, இவர் பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தியே வண்டியைச் சரிவில் பிடித்து வைக்கிறார். மேனுவலில் ஹாஃப் கிளட்சில் நிறுத்துவதும் இதுவும் ஒன்றுதான். மேனுவலில் கால் வலித்துக் காட்டிக்கொடுக்கும். இதில் வலியே தெரியாது, பிளேட் மட்டும் கருகும். ஏ.எம்.டி.யில் சரிவில் நின்றால் பிரேக்கில் நில்லுங்கள், வழி கிடைத்ததும் ஒரே மூச்சில் கிளம்புங்கள். இறங்கும்போது காலை எடுத்தால் அது ‘சுமை இல்லையே’ என்று நினைத்து மூன்றாவது, நான்காவது என்று கியரைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே அடிவாரம் வரும்வரை லிவரை மேனுவல் பக்கம் தள்ளி செகண்டில் வையுங்கள். ஏறும்போதும் அப்படியே வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் அது யோசித்துக்கொண்டு நிற்கிற எரிச்சல் இருக்காது.

சி.வி.டி.யில் கியரே கிடையாது. இரண்டு புல்லிக்கு நடுவில் ஒரு ஸ்டீல் பெல்ட். டவுனில் வெண்ணெய் மாதிரி போகும். லிவரைச் சாதாரணமாக ஓட்டுகிற டி-யில் போட்டு மலை இறங்கினால் சைக்கிள் உருள்வதுபோல உருண்டுகொண்டே போகும், பிடிமானம் குறைவு. எல் என்றோ எஸ் என்றோ ஒரு இடம் இருக்கும், இறக்கம் முழுக்க அதில்தான் வர வேண்டும். அந்த எழுத்து எதற்கு என்று தெரியாமலே ஐந்து வருடம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டி.சி.டி. என்ற இரட்டைக் கிளட்ச் வண்டி ஓட்டுவதற்கு நல்ல சுறுசுறுப்பு. இறக்கத்திலும் குறை சொல்ல முடியாது. உலர் கிளட்ச் வகை மட்டும் மலை வரிசையில் ஊர்ந்தால் சூடாகி எச்சரிக்கை காட்டும். வாரம் இரண்டு தடவை மலை ஏறுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

டார்க் கன்வர்ட்டர் வகையைத்தான் சொல்வேன். இதில் என்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது, கருகுவதற்கு உங்கள் வண்டியில் இருப்பது மாதிரி பிளேட் இல்லை. சரிவில் ஊர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளும். செகண்டில் பூட்டி இறக்கினால் மேனுவல் மாதிரியே பிடிக்கும். விலை மேனுவலைவிட லட்சத்துக்கு மேல் கூடும், பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். உங்களுக்கு வாரம் இரண்டு தடவைதான் நீண்ட ஓட்டம் என்பதால் அந்தப் பெட்ரோல் கணக்கு பெரிதாக இடிக்காது. கியர் ஆயிலை மட்டும் கம்பெனி சொன்ன கெடுவுக்கு மாற்றிவிட வேண்டும். ‘இது ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுளுக்கு என்று கேளுங்கள்.

பேட்டரி காரையும் மகன் சொல்லலாம். இறங்கும்போது மோட்டாரே பிரேக்காக வேலை செய்து பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும், மலைக்கு அருமையான விஷயம். ஆனால் தோட்டத்திலேயே 100 சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்பினால் அந்தக் கரண்ட் போக இடமில்லை, மோட்டார் பிடிக்காது, எல்லா வேலையும் சாதா பிரேக் தலையில் விழும். மேலே 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது தனிக் கதை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

ஆட்டோமேட்டிக் எதுவானாலும் இடது காலைப் பற்றி ஒரு வார்த்தை. முப்பது வருடம் கிளட்ச் மிதித்த கால் சும்மா இருக்காது. வண்டி நிற்கப்போகிறது என்றதும் தானாகப் போய் அகலமான பிரேக் பெடலைக் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதிக்கும். வண்டி நடுரோட்டில் நட்டுக்கொண்டு நிற்கும், பின்னால் வருபவர் வந்து முட்டுவார். முதல் ஒரு மாதம் இடது காலைப் பின்னுக்கு இழுத்து சீட்டோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், ஆக்சிலேட்டர் இரண்டுக்கும் வலது கால்தான். மலைக்குப் போவதற்கு முன்னால் கோரிமேடு பக்கம் அதிகாலையில் ஒரு வாரம் ஓட்டிப் பழகுங்கள். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். டூவீலரில் கியர் உள்ளது, இல்லாதது என்று பிரித்திருக்கிறார்களே தவிர, காருக்கு நம் நாட்டில் அப்படிப் பிரிவு இல்லை.

இனி நீங்கள் தொல்லை என்று எழுதியவை. எல்லாவற்றையும் ஒரே தொல்லையாகப் பார்க்காதீர்கள். அதில் ஒன்று சட்டம், இரண்டு சௌகரியம், ஒன்று நம் ரோட்டுக்குப் பொருந்தாதது.

பொருந்தாததை முதலில் சொல்கிறேன். ஸ்டியரிங்கை இழுத்தது லேன் அசிஸ்ட். கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா வெள்ளைக் கோட்டைப் பார்க்கிறது. நீங்கள் இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால், தூங்கிவிட்டீர்கள் என்று எண்ணித் திருப்புகிறது. நான்குவழிச் சாலையில் நாமக்கல் பக்கம் போகும்போது அது உண்மையிலேயே ஒரு உயிரைக் காப்பாற்றலாம். மலை ரோட்டில் இறங்குகிற வண்டிதான் ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி வழி விட வேண்டும். இது மரியாதைக்காகச் சொல்வது மட்டும் இல்லை, ஓட்டுநர் விதிமுறையிலேயே இருக்கிறது. நீங்கள் செய்தது சரி. அது கேமராவுக்குத் தெரியாது. கோடு அழிந்த இடம், மூடுபனி, வளைவுக்குள் திடீரென்று தெரியும் கைப்பிடிச் சுவர் எல்லாமே அதற்குக் குழப்பம். தானாக பிரேக் போடும் வசதியும் இறுக்கமான வளைவுகளில் தடுமாறலாம் என்று கம்பெனி புத்தகங்களிலேயே எழுதியிருக்கும். அடிவாரம் செக்போஸ்ட் வந்ததும் லேன் அசிஸ்டை அணைத்துவிடுங்கள், திரும்பக் கீழே வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் ஒருமுறை அணைத்தால் அணைந்தே இருக்கும், சிலவற்றில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் உயிர் பெற்று வரும். இது இரண்டில் எது என்று ஷோரூமில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி.

சிக்னலில் என்ஜின் அணைவது பெட்ரோல் மிச்சப்படுத்த. பிடிக்கவில்லை என்றால் ஏ எழுத்தைச் சுற்றி வட்ட அம்பு போட்ட பட்டனை அமுக்கினால் தீர்ந்தது. ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் அமுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் இந்த வசதி உள்ள வண்டிக்குப் பேட்டரி தனி ரகம். அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்குவதற்காகச் செய்த பேட்டரி அது. சாதாப் பேட்டரியை மாட்டினால் சீக்கிரம் படுத்துவிடும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வாடிக்கையாளர் ஒருவரின் காரை டிரயல் பார்க்க ஏற்காடு எடுத்துப்போனேன். எங்கேயோ ஒரு கடையில் விலை குறைவு என்று சாதாப் பேட்டரி போட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்லவும் இல்லை, நான் பார்க்கவும் இல்லை. லேடீஸ் சீட் பக்கம் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் செத்துக் கிடக்கிறது. ஆட்டோமேட்டிக் என்பதால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. அதோடு எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக். கரண்ட் இல்லாமல் அது விடாது, ஓரமாக நகர்த்தக்கூட வழியில்லை. ஜம்பர் கேபிள் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் பனியில் நின்றேன். போகிறவர்கள் எல்லாம் ‘மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே’ என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதனால் தோட்டத்துக்குப் போகிறவர் கையால் இழுக்கிற ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். சரிவில் நிறுத்தினால் லிவரைப் பார்க்கிங்குக்கான பி-யில் போடுவதற்கு முன் ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், வண்டியின் கனம் கியர்பாக்ஸ் பல்லில் உட்காரக் கூடாது. எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக்தான் வரும் என்றால் ஜம்பர் கேபிள் டிக்கியில் இருக்கட்டும். அதோடு வரும் ஆட்டோ ஹோல்ட், அதாவது பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் நின்ற வண்டியைப் பிடித்து வைக்கும் வசதி மட்டும் வரிசையில் நிற்கும்போது உங்கள் காலுக்கு நல்லது, அதைத் தொல்லைக் கணக்கில் எழுதாதீர்கள்.

பெல்ட் சத்தம் சட்டம். 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கையும், 80 கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ஒலியும் கட்டாயம். சீட்டுக்கடியில் உள்ள சென்சாருக்கு உங்கள் மிளகுப் பையும் ஒரு ஆள்தான். பையை டிக்கியில் வையுங்கள். மனசு வரவில்லையென்றால் அந்த மிளகுப் பைக்கே பெல்ட்டைப் போட்டுவிடுங்கள், வளைவில் கீழே உருளாமலாவது இருக்கும்.

ஸ்கிரீன் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் கட்சி. குமிழைத் திருகக் கண் வேண்டாம், ஸ்கிரீனைத் தொடக் கண் வேண்டும், அந்தக் கண் ரோட்டில் இருக்க வேண்டியது. ஐரோப்பாவில் கார்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பே 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்ட் விளக்கு, அவசர அழைப்பு ஐந்துக்கும் தனிப் பட்டனோ லிவரோ இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை என்பது என் வருத்தம். ஷோரூமில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஏசியைக் குறையுங்கள், முன் கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள். மலையில் திடீரென்று கண்ணாடி மூடும்போது வேண்டியது இந்த இரண்டும்தான். கண்ணை மூடிச் செய்ய முடியாத வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கழற்றிப் போடலாமா என்றால், கூடவே கூடாது. மாம்பழ மண்டிக்காரர் ஒருவர் ஏதோ ஒரு பீப் சத்தம் தாங்காமல் தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்தார். சத்தம் நின்றது. கூடவே பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். போனது, ஸ்பீடோமீட்டர் போனது, ஸ்டியரிங் கனத்துப்போனது. ஏனென்றால் இப்போதைய வண்டிகள் பலவற்றில் சக்கரம் எவ்வளவு வேகம் சுற்றுகிறது என்பதை ஏ.பி.எஸ். சென்சார்தான் மற்ற எல்லாருக்கும் சொல்கிறது. ஆட்டோமேட்டிக்கில் கியர்பாக்ஸே அதைக் கேட்டுத்தான் நடக்கும். ஏ.பி.எஸ்., வழுக்கும்போது வண்டியை நேராக்கும் இ.எஸ்.சி. இரண்டும் உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் மழை நாளில் வேலை செய்பவை. இ.எஸ்.சி. இல்லாத வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள்.

மகன் சொல்லும் பெரிய வேரியன்ட் வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். லேன் அசிஸ்ட், பெரிய ஸ்கிரீன், எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் எல்லாம் பெரும்பாலும் மேல் வேரியன்ட்டில்தான் ஏறுகின்றன. நடு வேரியன்ட்டில் ஏர்பேக், இ.எஸ்.சி., சரிவில் கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் ஹில் ஹோல்ட் இருக்கும், ஏசிக்குக் குமிழும் இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளை பாசத்தில் சொல்கிறார். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயர் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம் டெஸ்ட் டிரைவ். ஷோரூம்காரர்கள் ஜங்ஷன் வரை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. மலைக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள், தயங்கினால் நான்கைந்து வளைவு போதும் என்று சொல்லுங்கள். ஏறும்போது அவர்கள் பையனே ஓட்டட்டும். திரும்பி இறங்கும்போது நீங்கள் வாங்கி ஓட்டுங்கள். செகண்டில் பூட்டி, பிரேக்கைத் தொடாமல் நேர் சரிவில் விடுங்கள். வேகம் ஓரளவுக்கு ஏறி அங்கேயே நின்றால் அது உங்கள் வண்டி. ஏறிக்கொண்டே போனால், எவ்வளவு அழகான கலராக இருந்தாலும் வேண்டாம். ஹில் டிசென்ட் என்று ஒரு பட்டன் இருப்பதாகப் பெருமையாகக் காட்டுவார்கள். அது பிரேக்கைப் போட்டுத்தான் வண்டியைப் பிடிக்கிறது. தோட்டத்துக்குள் உள்ள செம்மண் சரிவில் பத்து நிமிடத்துக்குச் சரி, மலை முழுக்க அதை நம்பி இறங்கினால் அந்த நாற்பது லிட்டர் சூடு மறுபடி பிரேக்குக்கே போகும்.

கடைசியாக உங்கள் டிரைவர். அவர் அம்பாசடர் காலத்தில் பழகியவராக இருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் அவர் சொன்னது ஓரளவு உண்மை. இப்போதைய இன்ஜெக்டர் வண்டியில் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை விட்டால், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டு பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக அவர் செலவுதான் செய்கிறார், அதுவும் பிரேக்கை எரித்துக்கொண்டு. நீங்கள் சொன்னால் நம்ப மாட்டார். அடுத்த தடவை மகன் கார் வரும்போது, அந்த ஸ்கிரீனில் உடனடி மைலேஜ் காட்டும் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, நீங்கள் செகண்டில் இறக்குங்கள். எண் கடைசிவரை போய் நிற்கும். அப்படியே ஒரு நேர் சரிவில் இரண்டு நொடி நியூட்ரல் போட்டுக் காட்டலாமா என்று கேட்பார். அதற்கு மட்டும் விடாதீர்கள்.